காலியான அலைவரிசை எவ்வளவு நேரம் காலியாக இருக்கும்?

சுவிஸில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு ‘வாஷ்பிளான்’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்ற நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் வீட்டுக்குள் இருக்காது. நிலக்கீழ் அறையில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒன்றோ இரண்டோ நிற்கும். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிக் குடும்பத்தின் நாள் என்றால் அது அவர்களுடைய நாள்தான். அவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தாலும் அன்று இயந்திரம் சும்மாதான் நிற்கும்.

அந்தச் சும்மா நிற்கும் இயந்திரத்தைப் பார்த்து, “ஒரு தடவை போட்டு எடுத்தால் என்ன?” என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்! யோசித்தவர்களுக்கு ஒன்று தெரியும். இயந்திரம் இப்போது காலியாக இருக்கிறதா என்பது பெரிய கேள்வியல்ல. அதை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்த ஒன்றரை மணி நேரமும் அது காலியாக இருக்குமா என்பதுதான் கேள்வி. இன்னொரு கேள்வியும் உண்டு. பாதியில் உரியவர் கூடையோடு படியிறங்கி வந்தால், தண்ணீர் நிறைந்த இயந்திரத்திலிருந்து நம்முடைய உடுப்பை உடனே எடுத்துவிட முடியுமா?

இன்று கம்பியில்லாத் தொடர்பு உலகத்தில் பொறியியலாளர்களும் அரசாங்கங்களும் மல்லுக்கட்டிக் கொண்டிருப்பது இந்த இரண்டு கேள்விகளோடுதான். அலைக்கற்றைப் பகிர்வு என்று அதற்குப் பெயர். நம்முடைய வீட்டு வரவேற்பறையில் நிற்கும் வைஃபை ரவுட்டரும் அதில் ஒரு பங்காளி. எனவே இந்த விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காற்றிலும் ஓர் அட்டவணை

வானொலி, தொலைக்காட்சி, கைபேசி, விமானம், கப்பல், இராணுவம், வானிலை ராடார் எல்லாமே வானொலி அலைகளை நம்பியிருக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேசுவதும் விளங்காது. அதனால் எந்த அலைவரிசை யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. 1912 இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதைத் தொடர்ந்து அதே ஆண்டில் அமெரிக்கா தன்னுடைய வானொலிச் சட்டத்தை இயற்றியது. இன்று உலக அளவில் இந்தப் பங்கீட்டை ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒழுங்குபடுத்துகிறது. அதற்குள் நின்றுகொண்டு ஒவ்வொரு நாடும் தன்னுடைய அட்டவணையை வைத்திருக்கிறது.

அந்த அட்டவணையைக் காகிதத்தில் பார்த்தால் ஒரு கோடு போடவும் இடமில்லை. ஆனால் உண்மையில் எவ்வளவு பாவனையில் இருக்கிறது? 2005 நவம்பரில் சிக்காகோ நகரத்தில் 30 மெகாஹேர்ட்ஸிலிருந்து 3,000 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைக்கற்றையை அளந்து பார்த்தார்கள். சராசரியாக ஏறத்தாழ 17 சதவீதம்தான் பாவனையில் இருந்தது. அவ்வளவு பெரிய நகரத்திலேயே இந்த நிலைதான். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மிகவும் மெல்லிய சமிக்ஞைகள் அளக்கும் கருவியின் காதில் விழாமல் போயிருக்கலாம். வானொலி வானியல் போன்ற துறைகள் கேட்பதற்கு மட்டுமே அலைவரிசையை வைத்திருப்பவை. அவர்கள் ஒன்றும் பேசுவதில்லை என்பதற்காக அந்த இடம் காலி என்று சொல்ல முடியாது. இருந்தாலும் பெரிய படம் மாறவில்லை. அட்டவணை நிரம்பியிருக்கிறது, இயந்திரம் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிறது.

கைபேசிகளும் இணையப் பாவனையும் பெருகிக்கொண்டே போக, சும்மா நிற்கும் நேரத்தைப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் வலுத்தது. சூழலைத் தானே கேட்டறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் வானொலிக் கருவி என்ற கருத்தை 1999 இல் யோசெப் மிட்டோலா என்ற பொறியியலாளர் முன்வைத்தார். ‘அறிவாற்றல் வானொலி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். 2005 இல் கனடாவின் ஹமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சைமன் ஹேக்கின் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, உலகெங்கும் ஆய்வாளர்களை இந்தப் பக்கம் திருப்பியது.

இந்தப் பகிர்வில் இரண்டு தரப்புகள் உண்டு. அலைவரிசைக்கு உரியவரை நாம் ‘முதலாமவர்’ என்போம். அவர் இல்லாத நேரத்தில் பயன்படுத்த வருகிறவர் ‘இரண்டாமவர்’. இரண்டாமவருக்கு ஒரே ஒரு கட்டளைதான்: முதலாமவருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது.

நம் வீட்டு ரவுட்டர் ஏன் காத்திருக்கிறது?

இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. மின்சாரம் நின்று திரும்பி வந்த பிறகு வீட்டு வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் வலையமைப்பு ஒரு நிமிடம் தெரியாமல் இருந்து பிறகு தோன்றுவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். சில வேளைகளில் பத்து நிமிடம்கூட ஆகும். பழுதாகிவிட்டது என்று நினைத்து மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுவோம். அப்படிச் செய்தால் காத்திருப்பு மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ரவுட்டர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2003 இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, ராடார்கள் பயன்படுத்திவந்த 5 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் வைஃபைக்கும் இடம் கொடுத்தது. ஆனால் பெரும்பகுதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ராடாரின் சத்தம் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி ரவுட்டர் ஓர் அலைவரிசையில் பேசத் தொடங்குமுன் 60 விநாடி கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது ராடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் வெளியேற வேண்டும். வெளியேறிய பின் 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

5,600 முதல் 5,650 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் மட்டும் கேட்கும் நேரம் 60 விநாடி அல்ல, 10 நிமிடம். வானிலை ராடார்கள் பல இருப்பது அங்கேதான். ஜேர்மனியின் வானிலைச் சேவையை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதையும் பார்க்க 17 ராடார்களை அது வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று எசன் நகரில் இருக்கிறது. டோர்ட்முண்ட், ஹம் பக்கத்தில் வாழும் நம்மவர்களுக்கு மழையும் ஆலங்கட்டியும் வருவதை முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் கண்களில் அதுவும் ஒன்று.

ஏன் பத்து நிமிடம்? வானிலை ராடார் கலங்கரை விளக்கத்தைப்போலச் சுற்றுகிறது. அதன் கற்றை ஏறத்தாழ ஒரு பாகை அகலம்தான். அது நம் பக்கம் திரும்பும் ஒரு கணத்தில் மட்டுமே நம் ரவுட்டரின் காதில் பலமாக விழும். அடுத்த சுற்றில் கற்றையைச் சற்று மேலே உயர்த்தி மேகத்தின் இன்னொரு அடுக்கைப் பார்க்கும். ஒரு முழுப் பார்வை முடிந்து கீழே வர நிமிடக்கணக்காகும். ஒரு நிமிடம் மட்டும் கேட்டுவிட்டு யாரும் இல்லை என்று முடிவெடுத்தால், அந்த ஒரு நிமிடம் ராடார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடமாக இருக்கக்கூடும்.

கேட்பதும் ஒரு கணிப்புத்தான்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவுட்டர் கேட்டறிவது கடந்துபோன பத்து நிமிடத்தைப் பற்றி. அது பேசப்போவது இனி வரும் நேரத்தில். ‘இதுவரை யாருமில்லை, ஆகவே இனியும் இருக்கமாட்டார்கள்’ என்று அது வைத்துக்கொள்கிறது. அதுவே ஒரு முன்கணிப்பு, மிக எளிமையான முன்கணிப்பு. ராடார் போல ஒரே இடத்தில் நின்று நாள் முழுவதும் ஒரே ஒழுங்கில் சுற்றுகிறவருக்கு அது பெரும்பாலும் போதும். வந்து போகிறவராக முதலாமவர் இருந்தால் போதாது. கடற்படைக் கப்பல், மேடை நிகழ்ச்சிக்காகப் பொருத்திய கம்பியில்லா ஒலிவாங்கி, விட்டுவிட்டுப் பேசும் தொடர்பாடல் கருவிகள் எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே இரண்டாமவர் முதலாமவரின் பழக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

பழக்கத்தைப் படிப்பது எப்படி? முதலில் தோன்றும் வழி சராசரி பார்ப்பது. எந்த அலைவரிசை அதிக நேரம் காலியாக இருக்கிறதோ அதற்குப் போவோம் என்பது. இது எவ்வளவு தவறாக முடியலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். எண்கள் நாம் விளக்கத்துக்காக வைத்தவை.

முதல் அலைவரிசை ஒரு மணி நேரத்தில் 42 நிமிடம் காலி. இரண்டாவது 30 நிமிடம்தான் காலி. சராசரியைப் பார்த்தால் முதலாவதுதான் நல்லது. ஆனால் முதலாவதில் உரியவர் அடிக்கடி வந்து போகிறார். இந்த விநாடி காலி என்றால் அடுத்த விநாடியும் காலியாக இருக்கும் வாய்ப்பு 90 சதவீதம். இரண்டாவதில் உரியவர் வந்தால் நெடுநேரம் இருப்பார், போனால் நெடுநேரம் வரமாட்டார். அங்கே அந்த வாய்ப்பு 99 சதவீதம். நமக்குத் தொடர்ந்து 10 விநாடி வேண்டும். முதலாவதில் 0.9 ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 35 சதவீதம் வரும். இரண்டாவதில் 0.99 ஐப் பத்துத் தடவை பெருக்கினால் ஏறத்தாழ 90 சதவீதம் வரும். அதிக நேரம் காலியாக இருக்கும் அலைவரிசை நமக்கு உதவவில்லை. நீண்ட இடைவெளி விடுகிற அலைவரிசைதான் உதவுகிறது.

கோயில் திருவிழா நாளில் வாகனம் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இது புதிதல்ல. கடை வாசலில் நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் காலியாகும், நாம் திரும்பி வருவதற்குள் போய்விடும். வேலைக்குப் போனவருடைய தரிப்பிடம் காலை எட்டு மணிக்குக் காலியானால் மாலை வரை காலியாகவே கிடக்கும்.

‘இப்போது இருக்கும் நிலையைக் கொண்டு அடுத்த நிலையின் வாய்ப்பைச் சொல்வது’ என்ற இந்தக் கணக்குக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். ரஷ்யக் கணிதவியலாளர் அந்திரேய் மார்க்கோவ் 1913 இல் இதை விளக்க எடுத்துக்கொண்டது புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற செய்யுள் நாவலை. அதில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர், மெய் என்று இரண்டாகப் பிரித்து, எதற்குப் பின் எது எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணினார். உயிர், மெய் என்பதற்குப் பதிலாகக் காலி, பாவனை என்று வைத்துக்கொண்டால் அதுவே அலைவரிசைக் கணிப்பின் அரிச்சுவடி.

இன்று இதற்கு மேல் பல அடுக்குகள் வந்துவிட்டன. வேலை நாளா விடுமுறையா, காலையா இரவா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். பல நாள் பதிவுகளைச் செயற்கை நரம்பு வலையமைப்புகளுக்குக் கொடுத்து, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒழுங்குகளையும் கற்க வைக்கிறார்கள். பக்கத்து அலைவரிசைகளின் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கருவிகள் மாறினாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நமக்குத் தேவையான நேரம் முழுவதும் இது காலியாக இருக்குமா?

இரண்டு விதமான பிழைகள்

எந்தக் கணிப்பும் பிழைக்கும். இங்கே பிழை இரண்டு விதம். காலியாக இருந்த அலைவரிசையை ‘ஆள் இருக்கிறது’ என்று நினைத்து ஒதுங்குவது ஒன்று. அதில் நட்டம் இரண்டாமவருக்கு மட்டும்: படம் சற்று நின்று ஓடும், கோப்பு மெதுவாக இறங்கும். ஆள் இருந்த இடத்தைக் காலி என்று நினைத்து நுழைவது மற்றது. அதில் நட்டம் முதலாமவருக்கு. அது எவ்வளவு பெரிய நட்டம் என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது.

மேலே சொன்ன கணக்கையே இன்னும் ஓர் அடி நகர்த்துவோம். இடைஞ்சலால் வரும் நட்டம் நமக்குக் கிடைக்கும் நன்மையைப்போல 20 மடங்கு என்று வைத்துக்கொண்டால், காலியாக இருக்கும் வாய்ப்பு 95 சதவீதத்தைத் தாண்டினால்தான் நாம் பேசலாம். அப்போது 90 சதவீதம் தந்த இரண்டாவது அலைவரிசையிலும் 10 விநாடி தொடர்ந்து பேச முடியாது. ஆனால் 4 விநாடி பேசலாம். அதற்கான வாய்ப்பு 96 சதவீதம். நான்கு விநாடி பேசி, நிறுத்திக் கேட்டு, மறுபடி நான்கு விநாடி பேசலாம். முதல் அலைவரிசையில் ஒரு விநாடிகூடப் பேச முடியாது. எவ்வளவு நேரம் பேசுவது, எவ்வளவு அடிக்கடி நிறுத்திக் கேட்பது என்பதை முடிவு செய்வது அந்த 20 மடங்கு என்ற எண்தான். அந்த எண்ணை எந்தக் கணினியும் கண்டுபிடித்துச் சொல்லாது. ஒருவருடைய வசதியையும் இன்னொருவருடைய பாதுகாப்பையும் தராசில் வைத்து மனிதர்கள் நிர்ணயிக்க வேண்டிய எண் அது.

அது எவ்வளவு பாரதூரமான எண் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985 ஆகஸ்ட் 2 ஆம் நாள், அமெரிக்காவின் டலஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டெல்டா 191 ஆம் இலக்க விமானம், இடிமேகத்திலிருந்து திடீரென்று கீழே கொட்டிய காற்றில் சிக்கி விழுந்தது. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் விமான நிலையங்களுக்கு அருகில் காற்றின் போக்கைக் கண்காணிக்கும் சிறப்பு ராடார்களை அமெரிக்கா 1990களில் நிறுவியது. அவை வேலை செய்வது 5,600 முதல் 5,650 மெகாஹேர்ட்ஸ் பகுதியில். நம் ரவுட்டர் பத்து நிமிடம் காத்திருக்கும் அதே பகுதி.

2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்து ராடாரில் இடைஞ்சல் தென்பட்டது. இப்படிப்பட்ட இடைஞ்சல் ராடார் திரையில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கதிர்போல நீளும். அந்தக் கதிருக்குப் பின்னால் மழை இருக்கிறதா, வெறும் வைஃபை இருக்கிறதா என்று சொல்ல முடியாமல் போகும். அரச பொறியியலாளர்கள் தேடிப் போனபோது கிடைத்தவை உயரமான இடங்களில் பொருத்தியிருந்த இணைய இணைப்புக் கருவிகள். ராடாரைக் கேட்டு ஒதுங்கும் வசதி அணைக்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. இணைய சேவை வழங்குநர்கள் சிலருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் வானிலைச் சேவைகள் இதே தொல்லையோடு போராடி வருகின்றன.

நமக்குப் பதிலாக இன்னொருவர் கேட்டால்?

ஒவ்வொரு கருவியும் தானே கேட்பதில் ஒரு குறை உண்டு. நிலக்கீழ் அறையில் இருக்கும் ரவுட்டருக்கு ராடாரின் சத்தம் சுவரால் தடைப்படலாம். அது கேட்கவில்லை என்பதற்காக ராடார் இல்லை என்றாகாது. அதனால் அமெரிக்கா 3,550 முதல் 3,700 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் வேறு வழியை எடுத்தது. அங்கே முதலாமவர் அமெரிக்கக் கடற்படை. அதன் கப்பல் ராடார்கள் கரையோரத்தில் வந்து போகும். எப்போது வரும் என்று கடற்படை யாருக்கும் சொல்லாது.

2015 இல் வகுத்த விதிகளின்படி அங்கே மூன்று படிகள் இருக்கின்றன. முதற்படியில் கடற்படை போன்ற பழைய உரிமையாளர்கள். இரண்டாம் படியில் ஏலத்தில் உரிமை வாங்கியவர்கள். 2020 இல் நடந்த அந்த ஏலம் ஏறத்தாழ 458 கோடி டொலர் ஈட்டியது. மூன்றாம் படியில் ஏலப் பணம் கட்டாமல், மிஞ்சியதைப் பயன்படுத்துகிறவர்கள். கிராமப்புறச் சிறு இணைய நிறுவனங்கள், பாடசாலைகள், தொழிற்சாலைகள் எல்லாம் இந்தப் படியில் நுழையலாம். கரையோரத்தில் உணரிகள் கடலைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ராடார் தென்பட்டால் ஒரு மையக் கணினி முறைமைக்கு அறிவிக்கின்றன. அறிவித்த 5 நிமிடத்துக்குள் அந்தப் பகுதியில் இருக்கும் நிலையங்களை அந்த முறைமை நிறுத்தவோ வேறு அலைவரிசைக்கு மாற்றவோ வேண்டும். உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒரு காவலாளி வைத்ததைப்போல.

இதற்கும் விலை உண்டு. மெல்லிய சத்தத்தையும் கேட்க வேண்டிய உணரிகளைச் சுற்றி அமைதி வேண்டும். அதனால் அவற்றுக்கு அருகில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் படிக்காரர்கள் குரலைத் தாழ்த்தியே பேச வேண்டியிருக்கிறது. கடற்படையைப் பாதுகாக்க வைத்த காவலாளிக்கே ஒரு பாதுகாப்பு!

இங்கேதான் முன்கணிப்புக்கு மதிப்பு வருகிறது. ‘ஐந்து நிமிடத்தில் வெளியேறு’ என்ற கட்டளை வந்த பிறகு ஓடுவதைவிட, கட்டளை வரக்கூடிய வேளையை ஊகித்து, போக வேண்டிய இடத்தை முன்கூட்டியே தயார்செய்து வைத்திருந்தால் பாடசாலையின் இணைப்பு அறுந்துபோகாது. கணிப்பு பிழைத்தாலும் கட்டளை கட்டளைதான். கணிப்பு இரண்டாமவரின் வசதிக்கு, கேட்டறிதல் முதலாமவரின் பாதுகாப்புக்கு. ஒன்று மற்றதற்குப் பதிலாகிவிடக் கூடாது.

எண்கள் ஏமாற்றும் இடம்

செயற்கை நுண்ணறிவு அலைவரிசையை 99 சதவீதம் சரியாகக் கணிக்கிறது என்று ஒரு செய்தியைப் படித்தால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதலாமவர் எவ்வளவு அடிக்கடி வருகிறார்? நூறு மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் வருகிறார் என்றால், ஒன்றையும் படிக்காமல் எப்போதும் ‘காலி, காலி’ என்று சொல்லும் ஒரு பொம்மையும் 99 சதவீதம் சரியாகத்தான் சொல்லும். ஆனால் நமக்கு முக்கியமான அந்த ஒரு மணி நேரத்தில் அது ஒவ்வொரு தடவையும் பிழையாகவே சொல்லும். வந்தவரை எத்தனை தடவை கண்டுபிடித்தது, எத்தனை தடவை தவறவிட்டது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கணிப்பு கடந்தகாலத்திலிருந்து கற்கிறது. வழக்கமான நாளில் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் பெருவெள்ளம், விபத்து, தேடுதல் மீட்புப் பணி என்று வழக்கம் மாறும் நாளில்தான் முதலாமவருக்கு அலைவரிசை அவசரமாகத் தேவைப்படும். நல்ல முறைமை என்பது எப்போதும் சரியாகக் கணிப்பது அல்ல. தன் கணிப்பு பிழைத்த உடனே ஒதுங்கிக்கொள்வது.

நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது

இதெல்லாம் பொறியியலாளர்களின் கவலை என்று விட்டுவிட முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வேறு கண்டத்திலிருந்து மலிவாக வாங்கிவந்த கருவியை அப்படியே பொருத்துகிறவர்களும் உண்டு. நாட்டின் பெயர் மாறும்போது கருவி பின்பற்றும் விதிகளும் மாறிவிடும். பக்கத்து மலையில் இருக்கும் ராடாரைக் கேட்டு ஒதுங்கும் பழக்கம் அதற்கு இல்லாமல் போகலாம். சட்டப்படியும் அது தவறு.

காத்திருப்பு உண்மையிலேயே தொல்லை என்றால் நேர்மையான வழிகள் உண்டு. ஐரோப்பாவில் 5 கிகாஹேர்ட்ஸில் 36 முதல் 48 வரையான அலைவரிசைகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. வீட்டுக்குள் பயன்படுத்த அவை போதும். 120, 124, 128 என்பவை வானிலை ராடார் பகுதியில் இருப்பவை, பத்து நிமிடக் காத்திருப்பு அங்கேதான். வேகம் கூட வேண்டும் என்று அகலத்தை 160 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்தால், ரவுட்டர் எந்தப் பக்கம் விரிந்தாலும் ராடார் பகுதிக்குள் கால்வைக்கும். அதனால் கேட்டுவிட்டுத்தான் தொடங்கும். சாதாரண வீட்டுக்கு 80 தாராளம். புதிய கருவி வாங்குகிறவர்களுக்கு 6 கிகாஹேர்ட்ஸ் பகுதியும் உண்டு. 2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் கீழ்ப்பாதியை வைஃபைக்குத் திறந்தது. அங்கே ராடாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முக்கியமாக, வீட்டுக்குள் வைக்கவென்று அனுமதித்த கருவியைப் பல்கனியிலும் கூரையிலும் பொருத்த வேண்டாம்.

நமக்கு இதில் ஓர் அக்கறையும் இருக்கிறது. அலைக்கற்றையை முழுவதும் ஏலம் போட்டுப் பெரிய நிறுவனங்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பகிர்ந்துகொண்டால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது அவர்களுடைய வலுவான வாதம். சான் ஹுவானில் நடந்ததைப் போன்ற ஒவ்வொரு சம்பவமும் அவர்கள் கைக்கு ஒரு சான்று. பணம் கட்ட முடியாத சிறு நிறுவனமும் கிராமத்துப் பாடசாலையும் சாதாரண வீடுகளும் அலைவரிசையைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமென்றால், இரண்டாமவர்கள் நம்பத்தக்கவர்கள் என்பது நாள்தோறும் நிரூபணமாக வேண்டும்.

உடுப்புத் தோய்க்கும் அறையில் இதை நாம் ஏற்கெனவே கற்றிருக்கிறோம். மூன்றாம் மாடிக் குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களுடைய நாளில் ஒரு தடவை தோய்த்து, நேரத்துக்கு உடுப்பை எடுத்து, வடிகட்டியைத் துப்புரவாக்கி, தரையைத் துடைத்துவிட்டு வந்தால் அடுத்த தடவை கேட்பது எளிது. ஈர உடுப்பை இயந்திரத்தில் விட்டுவிட்டுப் போனால் மறுநாள் சுவரில் ஓர் அறிவித்தல் தொங்கும், அதைக் கட்டடம் முழுவதும் வாசிக்கும். அடுத்த முறை ரவுட்டரின் விளக்கு மினுக்கிக்கொண்டு பத்து நிமிடம் காத்திருக்கும்போது அதை அணைத்துப் போடாமல் விடுவோம். அது உரியவரின் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.